சாவகாசப் பிரயாணம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே இருக்கிறது தண்டலம். அங்கே வண்டியை விட்டு இறங்கும் முதியவர்களில் பலர், அவ்வூரிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். யோசித்துப் பார்த்தால், நம் வீட்டுப் பெரியவர்களை நாம் மோட்டாரில் ஏற்றுவது பெரும்பாலும் இரண்டே காரியங்களுக்குத்தான்: ஒன்று கலியாணம், மற்றொன்று வைத்தியம். இரண்டிலும் அவசரம். ஊர் பார்ப்பதற்கென்றே அவர்களை அழைத்துச் செல்பவர் எத்தனை பேர்?

78 வயதான எங்கள் அத்தை காஞ்சீபுரம் போகவேண்டும் என்றபோது, இந்தச் சாலைக்கென்று ஒரு முழுப் பகலை ஒதுக்கினோம். நிறுத்தச் சொல்லும் இடமெல்லாம் நிறுத்துவது என்பதே ஏற்பாடு.

முதலில் செம்பரம்பாக்கத்தில் நிறுத்தச் சொன்னார். 24 அடி ஆழமும், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட ஏரி அது. "இத்தனை வருஷம் குடித்த தண்ணீரை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டாமா?" என்றார் அத்தை.

தண்டலத்தில் இளநீர் அருந்தினோம். அடுத்து இருங்காட்டுக்கோட்டை. 1998-இல் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் மோட்டார் தொழிற்சாலை அங்கேதான் இருக்கிறது. வரிசையாய் வந்த தொழிலாளர் பஸ்களைப் பார்த்து, "இத்தனை பேருக்கும் யார் சமைக்கிறார்கள்?" என்று கவலைப்பட்டார்.

ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீ இராமாநுஜர் 1017-இல் அவதரித்த ஊர் என்பர். முதுமையில் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த அம்மகான், தாமே உகந்து தம் பிறந்த ஊருக்கு அளித்த திருமேனி இக்கோயிலில் எழுந்தருளியிருப்பதாகச் சம்பிரதாயம் கூறும். அந்த மண்டபத்தில் இளைப்பாறியபோதுதான் அத்தை ஒரு பழைய கதையைச் சொன்னார். 1966-இல், கூறைப்புடவை வாங்கத் தம் தகப்பனாருடன் இதே வழியில் காஞ்சிக்குப் பஸ்ஸில் போனாராம். அவர் மனம் ஒரு புடவையில் நின்றது. தகப்பனாரின் கையோ மடிப்பணத்தைத் தடவிப் பார்த்தது. உடனே விலை குறைந்த வேறொன்றை எடுத்து, "இதுதான் பிடித்திருக்கிறது" என்றாராம். தகப்பனார் கடைசிவரை அதை நம்பினார். ஏறக்குறைய 60 வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் கேட்டிராத கதை இது. ஒன்றரை மணி நேரத்தில் காஞ்சியை எட்டும் வண்டியில் இதைச் சொல்ல இடமேது?

முதியவரோடு புறப்படுவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வெயில் ஏறுமுன் கிளம்புதல் நலம். மணிக்கு ஒரு தடவை இறங்கிச் சிறிது நடந்தால் கால் வீங்காது. மருந்தும் குடிநீரும் கைப்பையிலேயே இருக்கட்டும். சுத்தமான கழிப்பிடம் எங்கே உண்டென்று முன்னரே விசாரித்துக்கொள்ள வேண்டும். அது தெரியாவிடில், தண்ணீர் குடிக்கவே பெரியவர்கள் அஞ்சுவார்கள்.

மைசூர் கிருஷ்ணகுமார் என்பவரைப் பற்றி நேயர்கள் படித்திருக்கலாம். கூட்டுக் குடும்பத்துச் சமையலறையிலேயே காலம் கழித்த அவருடைய தாயார் சூடாரத்னம்மா, பக்கத்திலிருக்கும் பேளூரைக்கூடப் பார்த்ததில்லை. இதையறிந்த மகன் உத்தியோகத்தை விட்டார். 2018-இல் தந்தை வாங்கித் தந்த பழைய பஜாஜ் ஸ்கூட்டரில் தாயாரை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பாரத தேசம் மட்டுமின்றி நேபாளம், பூடான், மியான்மர் என்று 50,000 கிலோமீட்டருக்கு மேல் சுற்றினார்கள்.

எல்லோரும் உத்தியோகத்தை விடவேண்டியதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பக்கத்திலிருந்தும் பார்க்காத ஊர் எதுவென்று உங்கள் வீட்டுப் பெரியவரை இன்றிரவு கேட்டுப் பாருங்கள். பதில் அநேகமாய் வெகு தூரத்தில் இராது.