ஏட்டில் இல்லாத இறப்பு

ஐரோப்பாவில் முன்னோரைத் தேடுவோர்க்குத் துணை கோயிற் பதிவேடுகளே. கத்தோலிக்க நாடுகளில் 1563-இல் திரெந்து சங்கம் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் எழுதிவைக்கப் பணித்தது. 1614-இல் இறப்பும் சேர்ந்தது.

ஊழியத்தினின்று ஓய்வுபெற்ற நானும் என் மனைவியும், அவள் முன்னோரின் ஊரை நாடி ஆஸ்திரியாவின் பொங்கௌ மலைநாட்டிற்குச் சென்றோம். அங்கே பழைய ஏட்டில் அவளது மூதாதையர் ஒருவரின் ஞானஸ்நானம் இருந்தது, திருமணம் இருந்தது, இறப்பு இல்லை.

காரணம் யாது? 1731 அக்டோபர் 31 தேதியிட்ட ஆணையால், சால்ஸ்பர்க் பேராயர் ஃபிர்மியான் புராட்டஸ்டன்ட் மக்களை நாடு கடத்தினார். நிலமற்றோர்க்கு எட்டே நாள் தவணை! ஏறத்தாழ 20,000 பேர் வெளியேறினர். பெரும்பாலோர் கிழக்குப் பிரஷ்யாவிலும், ஒரு சிறு கூட்டத்தார் அமெரிக்காவின் ஜார்ஜியாவிலும் குடியேறினர். என் மனைவியின் குடும்பம் அச்சிறு கூட்டத்தைச் சேர்ந்தது.

அவள் முகம் சிவந்தது. உடனிருந்த பாதிரியார், 1966-இல் பேராயர் ரோராகர் அக்கொடுமைக்காக மன்னிப்பு வேண்டியதை மெல்ல எடுத்துரைத்தார். சிறிது நேரம் சென்றபின், அவள் அவருக்குக் கைகொடுத்தாள்.

மாணவர்களே, ஏட்டில் எழுதியதை மட்டுமன்று, எழுதாது விட்டதையும் படித்தறியுங்கள்.