விளையாடுவோர்க்கு ஏற்ற கதிரை

வீடியோ விளையாட்டில் விருப்பமுள்ள மகனுக்குக் கதிரை வாங்கச் செல்லும் தந்தை, கடையில் முதலிற் பார்ப்பது அதன் நிறத்தையும் தோற்றத்தையுமே. பார்க்கவேண்டியதோ மகனின் உடலளவை.

அமர்ந்திருத்தல் ஓய்வு என்றே பலரும் கருதுவர். முதுகெலும்புக்கு அது முழு ஓய்வன்று. நிற்கும்பொழுது இடுப்புப் பகுதியில் முதுகெலும்பு முன்னோக்கி மெல்ல வளைந்திருக்கும். நிமிர்ந்த கதிரையில் அமர்ந்தவுடன் இடுப்பெலும்பு பின்னே சரிய, அவ்வளைவு தட்டையாகிறது. 1953 ஆம் ஆண்டில் கீகன் என்னும் அமெரிக்க மருத்துவர் எக்ஸ் கதிர்ப் படங்களின் துணைகொண்டு இதனை ஆராய்ந்தார். உடலுக்கும் தொடைக்கும் இடையே ஏறத்தாழ 135 பாகைக் கோணம் இருக்கும்பொழுது இயல்பான வளைவு நிலைபெறுவதை அவர் கண்டார். விறாந்தையிற் சாய்மனைக் கதிரையிட்டு இளைப்பாறிய நம் முன்னோர், அக்கோணத்தை அளவாமலே அதன் சுகத்தை அறிந்திருந்தனர்.

இன்று விளையாட்டுக் கதிரை என விற்கப்படுவனவற்றுட் பல, பந்தயக் காரின் இருக்கையைப் போன்றவை. அவ்விருக்கையின் இருபுறமும் எழுந்து நிற்கும் விளிம்புகளுக்கு ஒரு பயன் உண்டு. வளைவுகளிற் கார் விரைந்து திரும்பும்பொழுது சாரதி பக்கவாட்டிற் சரியாது அவை தாங்குகின்றன. வீட்டறையில் அத்தகைய வளைவு ஏது? அங்கே அவ்விளிம்புகள் அகன்ற தோளுடையாரை நெருக்குவதன்றி வேறு நன்மை செய்வதில்லை.

ஆகவே, கதிரையை அமர்ந்து பார்த்தே தெரிதல் வேண்டும். பாதங்கள் இரண்டும் நிலத்தில் முழுமையாகப் படியவேண்டும்; படியாத சிறுவனுக்கு ஒரு கால்மணை போதும். இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழையும் இடைவெளி வேண்டும். இன்றேல் விளிம்பு அழுத்திக் கால் மரத்துப்போகும். முதுகுத் தாங்கி இடுப்பின் உட்குழிவை நிரப்பவேண்டும். கைதாங்கிகள், தோள் உயராமல் முழங்கை இளைப்பாறும் உயரத்தில் அமையவேண்டும். உறையும் கவனிக்கத்தக்கது. நம் நாட்டின் புழுக்கத்தில் றெக்சின் உறை வியர்வையைத் தேக்கும். துணியோ வலைப்பின்னலோ காற்றைப் புகவிடும்.

விளையாடும் முறையும் கதிரையை நிர்ணயிக்கிறது. தொலைக்காட்சிக்கு எதிரே கைக்கருவியுடன் விளையாடுவோன் நன்கு சாய்ந்திருக்கலாம். கணினியில் விசைப்பலகையோடு விளையாடுவோனோ மேசையை அணுகி இருக்கவேண்டியவன். அவனுக்கு உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய கதிரையே தகும். திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்தில் இல்லையேல், எக்கதிரையும் அவன் கழுத்தைக் காவாது.

இவை யாவும் பொருந்திய கதிரையிலும் ஓர் ஆபத்து உண்டு. சுகம் மிகுந்தால் எழும் எண்ணம் மறையும். விளையாட்டில் விரல்களும் கண்களும் ஓடுகின்றன, கால்களோ அசைவதில்லை. அசையாத காலில் இரத்தவோட்டம் மந்தமாகிறது. ஒரே நிலையில் நிற்கும் தசைகள் களைத்து நோகின்றன. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து சிறிது நடப்பது செலவில்லாத மருந்து. மகனுக்கு நல்ல கதிரை வாங்கிக் கொடுக்கும் தந்தை, அதிலிருந்து எழும் பழக்கத்தையும் உடன் கொடுப்பாராயின், அவர் செலவிட்ட பணம் வீண்போகாது.