இறால் பொரிப்பகத்தில் பாக்டீரியா ‘பேச்சு’: ஆய்வகத்தில் அளப்பது எப்படி?

பழவேற்காடு ஏரியை நம்பியிருக்கும் காட்டூர் போன்ற ஊர்களில் இறால்தான் காசு. வலையில் விழுவது ஒருபக்கம், ஏரியைச் சுற்றியுள்ள பண்ணைக் குட்டைகளில் வளர்ப்பது இன்னொரு பக்கம். குட்டைகளுக்குக் குஞ்சு தரும் பொரிப்பகங்களில் ஒரு பயம் உண்டு. ராத்திரி விளக்கை அணைத்தால் தொட்டித் தண்ணீர் மினுங்கும். விப்ரியோ ஹார்வியை என்ற பாக்டீரியா பெருகிவிட்டது என்று அர்த்தம். குஞ்சுகள் கொத்துக் கொத்தாகச் சாகும். (2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் செல்போனில் படம் எடுத்தோமே, அந்த நீல ஒளி வேறு. அது நாக்டிலூக்கா என்ற மிதவை உயிரி.)

இந்த பாக்டீரியா தனியாக இருக்கும்போது ஒளிராது. ஒவ்வொன்றும் தண்ணீரில் கொஞ்சம் சமிக்ஞை ரசாயனம் விடும். கூட்டம் சேரச் சேர அதுவும் கூடும். ஓர் அளவைத் தாண்டியதும் மொத்தக் கூட்டமும் ஒளிரும், நோயுண்டாக்கும் சில வேலைகளும் மாறும். இதற்கு 1994இல் வைத்த பெயர் ‘கோரம் சென்சிங்’. சங்கக் கூட்டத்தில் கோரம் இருந்தால்தானே தீர்மானம்? அதே கணக்குதான்.

சரி, இதை ஏன் அளக்கணும்?

குளோராம்பெனிகால், நைட்ரோபியூரான் போன்ற மருந்துகளுக்கு இறால் வளர்ப்பில் தடை. மிச்சம் தெரிந்தால் ஏற்றுமதிச் சரக்கு திரும்பி வரும். அதனால் பாக்டீரியாவைக் கொல்லாமல், அதன் பேச்சை மட்டும் கெடுக்க முடியுமா என்று தேடுகிறார்கள். காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகக் குழு, பாக் விரிகுடாவில் எடுத்த பேசில்லஸ் பியூமிலஸ் அப்படிச் செய்வதை 2010இல் வெளியிட்டது. அது ஆய்வகச் சோதனை. இறால் குட்டையில் பார்த்தது அல்ல.

இந்த மாதிரி ஆய்வுகளில் பிரபலமான கருவி ஓர் ‘ஒற்றன்’ பாக்டீரியா, சிவி026. சொந்தமாகச் சமிக்ஞை தயாரிக்கத் தெரியாது. வெளியிலிருந்து கிடைத்தால் ஊதா நிறமாகும். மாதிரியைத் தட்டில் விட்டு மறுநாள் பார்த்தால் போதும். செலவு குறைவு.

சிக்கல் எங்கே என்றால், தட்டு வெள்ளையாகவே இருந்தால்தான். சமிக்ஞையே இல்லாமல் இருக்கலாம். சோதித்த பொருள் ஒற்றனையே கொன்றிருக்கலாம். அதனால் உயிரோடு எத்தனை இருக்கு என்று தனியாக எண்ணணும். சமிக்ஞையின் வால் நீளமாக இருந்தாலும் சிவி026க்குப் புரியாது, அதற்கு வேறு ஒற்றன் வேண்டும். விப்ரியோ ஹார்வியை பேசும் இன்னொரு சமிக்ஞையான ஏஐ-2வுக்கு பிபி170 என்ற ஒளிரும் ஒற்றன் உண்டு. ஆனால் மாதிரியில் குளுக்கோஸ் இருந்தாலே அதன் கணக்கு குழம்பும்.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது பிஹெச் விஷயம். கடல்நீரின் பிஹெச் சுமார் 8. அந்தக் காரத்தன்மையில் சமிக்ஞையின் வளையம் தானாக உடைந்துவிடும். மாதிரியைக் குட்டையில் எடுத்து மதியம்வரை வெயிலில் வைத்தால், ஆய்வகத்தில் ‘இல்லை’ என்று வரலாம். எந்த நல்ல பாக்டீரியாவும் அதைக் கெடுத்திருக்காது!

அதனால் மாதிரியை வடிகட்டி, அமிலம் சேர்த்து, எத்தில் அசிட்டேட்டில் பிரித்தெடுக்கிறார்கள். அமிலத்தில் உடைந்த வளையம் திரும்ப மூடவும் செய்யும். பிறகு மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் மூலக்கூறை உடைத்து, வளையத்துக்கே உரிய 102 என்ற எடைத்துண்டைத் தேடுகிறார்கள். எந்தச் சமிக்ஞை, எவ்வளவு என்று சொல்லும். விலை கோடிகளில். அதனால் முதலில் ஒற்றன், சந்தேகம் வந்தால்தான் மிஷின்.