சைக்கிளைத் தொடாத நாளில் கால் பலமாகிறதே, ஏன்?

ஞாயிறு காலை கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை மிதித்துவிட்டு வருகிறீர்கள். திங்களன்றும் அதேபோல் மிதித்தால் வேகம் இன்னும் கூடும் என்று தோன்றுகிறதா? கூடாது.

கடுமையாக மிதிக்கும்போது தொடைத் தசையின் இழைகள் நுண்ணளவில் சேதமடைகின்றன. தசை சேமித்த சர்க்கரையும் கரைகிறது.

அரைத்த மாவை உடனே ஊற்றினால் இட்லி கல்லாகிவிடும் அல்லவா? இரவெல்லாம் சும்மா வைத்தால்தான் பொங்கும். உடலும் அப்படித்தான். ஓய்விலும் உறக்கத்திலும்தான் தசையை முன்னைவிட உறுதியாகச் சரிசெய்கிறது. தீர்ந்த சர்க்கரை நிரம்பவே ஏறக்குறைய 24 மணி நேரம் ஆகும், அதுவும் நன்றாகச் சாப்பிட்டால்!

ஆகவே செவ்வாய், வியாழன் மட்டும் மூச்சு வாங்க மிதியுங்கள். ஞாயிறு நெடுந்தூரம். புதனும் சனியும் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம் போதும். பலர் இந்த நாட்களையும் பந்தயமாக்கிவிடுகிறார்கள். திங்கள், வெள்ளி சைக்கிளைத் தொடாதீர்கள்.