மலையேறுவோர்க்கு வேண்டிய இருவகைப் பயிற்சி

1997ஆம் ஆண்டு மே மாதம் 23ஆம் நாள் நம் நாட்டினரான எம். மகேந்திரனும் என். மோகனதாசும் எவரெஸ்டு உச்சியை அடைந்தனர். இச்செய்தியை வகுப்பில் எடுத்துரைக்கும்போது, "அவர்களுக்கு எவ்வளவு பலம் இருந்திருக்கும், ஐயா!" என்று மாணவர் வியப்பது இயல்பு. மலை ஏறுவதற்குப் பலம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், கட்டான உடல் வாய்ந்த இளைஞர்களே உயர்ந்த மலைகளில் நோயுற்று வீழ்ந்த நிகழ்ச்சிகள் பல உண்டு. அதன் காரணத்தையும், போர்வீரரும் மலையேறிகளும் மேற்கொள்ளும் பயிற்சியையும் ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம். மாணவரைக் கினபாலு மலைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு இது சிறப்பாகப் பயன்படும்.

காற்றழுத்தமும் உடலும்

காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பிராணவாயு. மலையுச்சியிலும் இவ்விகிதம் மாறுவதில்லை. காற்றின் அழுத்தமே குறைகிறது. 5,500 மீட்டர் உயரத்தில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறையப் பாதி; எவரெஸ்டு உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே, ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயு அந்த அளவிற்குக் குறைந்துவிடுகிறது.

இக்குறையை ஈடுசெய்ய உடல் முயல்கிறது. மூச்சும் நாடியும் உடனே விரைவுபடுகின்றன. விரைந்து மூச்சு விடுவதால் கரியமிலவாயு மிகுதியாக வெளியேறி, இரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. சிறுநீரகங்கள் அந்த மிகைக் காரத்தை நீக்கிச் சரிசெய்யச் சில நாட்கள் ஆகும். சிவப்பணுக்கள் போதிய அளவு பெருகவோ வாரக்கணக்கில் ஆகும். தசைவலிமை எத்துணை இருப்பினும் இந்த நாட்களைக் குறைக்க இயலாது.

அவகாசம் கொடாமல் ஏறுவோர்க்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை ஆகியவை தோன்றும். இதுவே மலைநோய். இதனைப் பொருட்படுத்தாமல் மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கலாம், மூளை வீங்கலாம். இரண்டும் உயிருக்கு ஆபத்தானவை. அவற்றிற்குத் தலையாய மருந்து, தாமதியாமல் கீழே இறங்குவதே.

1962 புகட்டிய பாடம்

1962ஆம் ஆண்டு இந்திய-சீனப் போரின்போது, சமவெளியில் இருந்த இந்தியப் படைப்பிரிவுகள் சில, 4,000 மீட்டருக்கு மேற்பட்ட மலைமுனைகளுக்கு மிக விரைவாக அனுப்பப்பட்டன. பனிக்குத் தகுந்த உடையும் பலருக்கு இல்லை. பகைவரின் குண்டு படாமலே, நுரையீரலில் நீர் கோத்து மாண்ட வீரரும் உளர். அதன்பின் இந்திய இராணுவ மருத்துவர்கள் இந்நோயை விரிவாக ஆராய்ந்தனர். மலைநோயுற்ற 1,925 வீரர்களைப் பற்றி இந்தர் சிங் முதலியோர் எழுதிய ஆய்வு 1969இல் வெளிவந்தது.

இந்தியப் படையில் இப்பொழுது உயரத்திற்குப் பழகுதல் மூன்று கட்டங்களாக நடைபெறுகிறது. 2,700 மீட்டர் முதல் 3,600 மீட்டர் வரை ஆறு நாட்கள்; 4,500 மீட்டர் வரை மேலும் நான்கு நாட்கள்; அதற்கு மேலே மற்றும் நான்கு நாட்கள். முதல் இரு நாட்களும் ஓய்வே பயிற்சி. பிறகு மெதுவான நடை. அதன்பின் சிறு ஏற்றங்கள். துடிப்புள்ள வீரனுக்கு ஓட்டத்தைவிட இந்த ஓய்வே கடினமான கட்டளையாகும்.

கல் சுமந்த டென்சிங்

உடற்பயிற்சி வேண்டாம் என்பது இதன் பொருளன்று. 1952இல் இரண்டு சுவிஸ் குழுக்களுடன் எவரெஸ்டுக்குச் சென்று, நோயுற்று மெலிந்து திரும்பினார் டென்சிங் நோர்கே. மறு ஆண்டுப் பயணத்திற்கு உடலைத் தேற்றுவதற்காக, டார்ஜிலிங்கில் விடியற்காலையில் எழுந்து, முதுகுப்பையில் கற்களை நிரப்பிச் சுமந்து மேடும் பள்ளமுமாக நெடுந்தூரம் நடந்தார். செய்யப்போகும் வேலையையே பயிற்சியாகக் கொள்ளும் முறை இது. சுமையோடு ஏறவேண்டியவன் சுமையோடுதான் பழக வேண்டும்.

ஜான் ஹண்ட் தலைமையில் சென்ற அந்த 1953ஆம் ஆண்டுக் குழு, எவரெஸ்டில் கால் வைக்குமுன் ஏறக்குறைய மூன்று வாரம் அருகிலுள்ள சிறு சிகரங்களில் ஏறி இறங்கிப் பழகியது. குழுவுடன் சென்ற உடலியல் அறிஞர் கிரிபித் பியூ, அனைவரும் நீர் மிகுதியாக அருந்த வேண்டும் என்று வற்புறுத்தினார்.

திரும்பத் தெரிந்த மனம்

இனி மனப்பயிற்சி. பிராணவாயு குறைந்தால் அறிவு மங்கும். மங்கியது தனக்கே தெரியாது. ஆதலால், எந்த நேரத்தில் திரும்புவது என்பதை அடிவாரத்திலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். துணைவன் முகத்தையும் நடையையும் ஒருவருக்கொருவர் கவனிக்க வேண்டும். நேர்க்கோட்டில் நடக்கத் தள்ளாடுபவனை அவன் சொல்லைக் கேளாமல் கீழே இறக்கிவிட வேண்டும்.

1953 மே 26ஆம் நாள் போர்டிலனும் எவன்ஸும் எவரெஸ்டின் தெற்குச் சிகரத்தை அடைந்தனர். உச்சி இன்னும் நூறு மீட்டர் உயரத்தில் கண்ணெதிரே நின்றது. அதற்குமுன் அவ்வளவு உயரத்தை எட்டியதாக உறுதிப்பட்டவர் எவருமிலர். ஆனால் பொழுது கடந்திருந்தது, பிராணவாயுவும் போதாது. இருவரும் திரும்பினர், உயிருடன் முகாம் சேர்ந்தனர். மூன்றாம் நாள் ஹில்லரியும் டென்சிங்கும் உச்சியில் நின்றனர். முன்னவர் கண்டு வந்து கூறிய வழிச்செய்தி பின்னவர்க்கு உதவியது. புகழ் இருவருக்குச் சென்றது. மனவலிமையில் நால்வரும் சமமே.

கினபாலு செல்வோர்க்கு

கினபாலுவின் உயரம் 4,095 மீட்டர். கடற்கரையிலிருந்து புறப்படும் மாணவன், மறுநாள் இரவே ஏறத்தாழ 3,270 மீட்டர் உயரத்திலுள்ள பானாலாபானில் தங்கி, விடியுமுன் உச்சி நோக்கி நடக்கிறான். உடல் பழகுவதற்கு இது மிகக் குறைந்த காலம். எனவே, முந்திய இரவை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ள பூங்காத் தலைமையகத்தருகே கழிப்பது நலம். பல வாரங்கள் முன்பே சுமையோடு படியேறிப் பழக்குவதும், மலையில் மெல்ல நடக்கச் செய்வதும் இன்றியமையாதன.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. "தலை வலிக்கிறது, ஐயா" என்று சொல்லும் பிள்ளையை நண்பர்கள் எள்ளி நகையாடினால், அடுத்த பிள்ளை தன் நோயை மறைத்துவிடுவான். மறைக்கப்பட்ட தலைவலியே மலையில் பேராபத்து. உண்மையைச் சொன்னவனை எல்லார் முன்னிலையிலும் பாராட்டி, அவனுடன் துணைக்கு ஒரு பெரியவரையும் சேர்த்துக் கீழே அனுப்புவது ஆசிரியர் கடமை. இந்தப் பயிற்சியை மலையடிவாரத்தில் தொடங்க முடியாது; வகுப்பறையிலேயே தொடங்க வேண்டும்.