கடிக்காத ஈயும் கண்மாய்த் தண்ணீரும்

சாயங்காலம் கண்மாய்க் கரையில் நடந்தால் முகத்தில் மொய்க்கும். ராத்திரி டியூப் லைட்டைச் சுற்றிச் சுவரெல்லாம் அப்பிக்கொள்ளும். "கொசுடா!" என்று அடிக்கிறோம். கொசு இல்லீங்க, மிட்ஜ் என்னும் ஈ. கடிக்கும் வாயே அதற்குக் கிடையாது. ஆயுளும் சில நாள்தான்.

இதன் புழு கண்மாயின் அடிச்சேற்றில் வாழ்கிறது. பிராணவாயு குறைந்த சேற்றிலும் தாக்குப்பிடிக்க அதன் உடம்பில் ஹீமோகுளோபின் உண்டு. அதனால்தான் ரத்தச் சிவப்பு. சாக்கடை கலந்தால் மற்ற பூச்சிகள் சாகும், இது பெருகும்.

"மருந்தைக் கொட்டினா போச்சு!" என்பீர்கள். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் இதேபோல் கடிக்காத ஓர் ஈயை ஒழிக்க 1949, 1954, 1957-இல் டி.டி.டி. கலந்தார்கள். 1954-இல் 5 கோடிப் பங்கு தண்ணீருக்கு 1 பங்குதான். ஆனால் அது மீன்களில் சேர்ந்து, மீன் தின்ற முக்குளிப்பான் பறவையின் கொழுப்பில் 10 லட்சத்துக்கு 1,600 பங்கானது! பறவைகள் செத்தன, ஈ திரும்ப வந்தது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் 14,707 ஏக்கர் இருபோக நெல் விளையும் பள்ளத்தாக்கு நம்முடையது. கண்மாய் மீன் நம்ம வீட்டுக் குழம்பு. இங்கே விஷம் வேண்டாமே!

வழி என்ன? தூர் வாரலாம். சேற்றைக் கிளறிப் புழு தின்னும் சாதாக் கெண்டை விடலாம். கரையோர வீடுகளில் வெள்ளை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு போடலாம். லெவல் எடுக்கப் படித்த சிவில் மாணவர்கள், ஊர்ச் சாக்கடை எங்கே கண்மாயில் விழுகிறது என்று வரைபடம் போட்டுப் பஞ்சாயத்தில் கொடுக்கலாம். சாக்கடை வாயை அடைப்போம்; ஈ தானே குறையும்!