ஒரே ஒலி, இரு பொருள்: பிரெஞ்சு வினையின் கூரைக்குறி

அத்திப்பட்டில் மேல்நிலை மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். விருப்பம், ஐயம் உணர்த்தும் தொடர்களில், பழைய இலக்கியத்தில் வரும் இறந்தகால விழைவு வினை அவர்களை மிரட்டும். அதற்கு ஒரே விதி போதும்.

சாதாரண இறந்தகாலத்தின் ‘நீ’ வடிவை எடுங்கள்: பார்லா (பேசினாய்), ஃபினி (முடித்தாய்), ஃப்யூ (இருந்தாய்). ‘ஸ்’ ஒலி சேர்த்தால் பார்லாஸ், ஃபினிஸ், ஃப்யூஸ். நான், நீ, அவர்கள் மூன்றுக்கும் இதுவே ஒலி. அதன்மேல் ‘நாம்’ என்றால் ‘யோன்’, ‘நீங்கள்’ என்றால் ‘யே’ சேரும்.

‘அவர்’ வடிவில் மட்டும் ‘ஸ்’ இல்லை. உயிரெழுத்தின்மேல் கூரைக்குறியும் இறுதியில் ஒலிக்காத ‘த்’ எழுத்தும் வரும். ‘இருந்தார்’, ‘இருக்கவேண்டுமென’ இரண்டும் ‘ஃப்யூ’ என்றே ஒலிக்கும். எழுத்தில் கூரை மட்டுமே வேறுபாடு. பல சொற்களில் இக்குறியை விலக்கிய 1990 எழுத்துச் சீர்திருத்தமும் இங்கே அதை விட்டுவைத்தது.

ஆகவே இவ்விரண்டையும் கரும்பலகையில் அருகருகே எழுதிக் காட்டுவோம். பேச்சில் இன்று நிகழ்கால விழைவே வழங்குகிறது. மாணவர் இதைப் படித்து இனங்கண்டால் போதும்.